மஹிந்திரா தார் வண்டியில் ஏர் கம்ப்ரஸரை நிரந்தரமாகப் பொருத்துவது: இடம், வயரிங், டேங்க் பற்றி ஆலோசனை தேவை

காட்பாடி தார்:

வணக்கம். என்னுடையது 16 அங்குல ரிம்மும் 245/75 அளவு டயரும் கொண்ட டீசல் தார். விடுமுறைகளில் ஆலங்காயம் வழியாகவோ போளூர் வழியாகவோ ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்லும் மண் பாதைகளில் ஓட்டுவது வழக்கம். கல் நிறைந்த ஏற்றங்களில் டயரின் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டால் பிடிமானமும் கூடுகிறது, உள்ளே இருப்பவர்களின் முதுகும் தப்பிக்கிறது. சிக்கல் திரும்பி வரும்போதுதான் தொடங்குகிறது. நல்ல சாலையைத் தொட்டதும், மலை வளைவுகளில் இறங்குவதற்கு முன்பே, நான்கு டயர்களையும் மறுபடி 32க்கு ஏற்றியாக வேண்டும். அதற்குப் பெட்ரோல் பங்கைத் தேடிக்கொண்டு குறைந்த காற்றோடு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கையில் இருப்பது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய கம்ப்ரஸர். இரண்டாவது டயர் முடிவதற்குள் கை வைக்க முடியாதபடி சூடாகித் தானாக நின்றுவிடுகிறது. கோடையில் அது ஆறுவதற்கே அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆகவே வண்டியிலேயே நிலையாக ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் ஐயங்கள் இவை. ஒற்றைச் சிலிண்டர் போதுமா, இரட்டைச் சிலிண்டர் வேண்டுமா? பானெட்டுக்குள் வைப்பதா, சீட்டுக்கு அடியிலா, பின்பக்கமா? காற்று டேங்க் அவசியமா? இன்னொன்று: நான் விசாரித்த எலக்ட்ரீஷியன் ஒருவர், ஃபாக் லாம்ப்புக்குப் போகும் வயரிலிருந்தே மின்சாரம் எடுத்துவிடலாம், அரை நாள் வேலைதான் என்கிறார். அது சரியா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


ராணிப்பேட்டை மின்வேலை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஃபாக் லாம்ப் வயரைத் தொடவே வேண்டாம். 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். அதற்கேற்ற மெல்லிய வயரும் சிறிய பியூஸும்தான் அந்தத் தடத்தில் இருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் ஒற்றைச் சிலிண்டர் கம்ப்ரஸரோ சுமை ஏறும்போது 25 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. இரட்டைச் சிலிண்டர் என்றால் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. சுவிட்சைப் போட்டதும் பியூஸ் போய்விட்டால் அதிர்ஷ்டம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று யாராவது பெரிய பியூஸைச் செருகிவிட்டால், அதற்குப் பிறகு சூடாவது வயர்தான், அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். உங்கள் பழைய கம்ப்ரஸர் சிறியதாக இருப்பதற்கும் இதே காரணம்தான்: லைட்டர் சாக்கெட் பொதுவாக 120 வாட், அதாவது 10 ஆம்பியருக்கென்று அமைக்கப்பட்டது, அதற்கு மேல் இழுக்கும் கருவியை அதில் செருக முடியாது.

கம்ப்ரஸருக்குத் தனித் தடம் பேட்டரியிலிருந்தே வர வேண்டும். எந்த அளவு வயர் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பேட்டரியிலிருந்து கம்ப்ரஸருக்கு 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர், ஆக 6 மீட்டர் செம்பு வயர் என்று கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.26 வோல்ட் இழந்துவிடுவோம். ஏறக்குறைய 38 வாட் வயருக்குள் வெப்பமாக மாறும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் தள்ளாடும், ஓடும் நேரம் நீளும், அதனால் இன்னும் சூடாகும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.32 வோல்ட்தான். கம்ப்ரஸரைப் பின்பக்கம் வைத்தால் தூரம் கூடும், வயரும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். எனவே இடத்தைத் தீர்மானித்த பிறகே வயர் வாங்குங்கள். செம்பு வயர்தானா என்று வெட்டுமுனையைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது; செம்பு பூசிய அலுமினிய வயர்களும் அதே நிறத்தில் விற்கப்படுகின்றன.

பியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்த வேண்டும். பியூஸ் காப்பது வயரையே அன்றி கம்ப்ரஸரை அன்று என்பதால், அதற்கு முன்னால் உள்ள வயர் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒற்றைச் சிலிண்டருக்கு 40 ஆம்பியர் பியூஸ் போதும். டேஷ்போர்டில் வைக்கும் சுவிட்ச், ரிலேயின் (சிறிய மின்னோட்டத்தால் கனமான மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் கருவி) காயிலை மட்டும் இயக்கட்டும். ரிலேயில் 85, 86 என்று எண்ணிட்ட காயில் முனைகளில் ஓடுவது சில நூறு மில்லி ஆம்பியர்தான், எனவே சிறிய சுவிட்சே தாங்கும். கனமான மின்னோட்டம் 30, 87 முனைகள் வழியாகப் போகும். காயிலுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் தடத்திலிருந்து எடுத்தால், வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகு கம்ப்ரஸர் தானாக ஓடி பேட்டரியைக் காலி செய்யும் வாய்ப்பு இல்லை. 40 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சாதாரண ரிலே, பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் 30 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்று நான் நம்புவதில்லை. 70 அல்லது 80 ஆம்பியர் ரிலேக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு.

நெகட்டிவ் வயரிலும் கவனம் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் பொருத்தப்பட்ட வண்டி என்றால், அந்த முனையில் நேரடியாக இணைக்காமல், சென்சாரைத் தாண்டியுள்ள பாடி எர்த் போல்ட்டில் இணைக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரஸர் எடுத்த மின்சாரம் வண்டியின் கணக்கில் வராது. வண்டி இன்னும் வாரன்ட்டியில் இருந்தால், கம்பெனி வயரிங்கில் ஒரு வயரைக்கூட வெட்டாமல் இதைச் செய்து முடிப்பதே புத்திசாலித்தனம். தனித் தடம் போடுவதில் அந்த நன்மையும் இருக்கிறது.


ஏலகிரி வளைவு:

மின்சாரத்தைப் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒற்றையா இரட்டையா என்ற கேள்விக்குக் கடைக்காரரைவிட டயரே நன்றாகப் பதில் சொல்லும்.

உங்கள் அளவு டயருக்குள் இருக்கும் இடம் தோராயமாக 65 லிட்டர். 18 பிஎஸ்ஐயிலிருந்து 32க்கு ஏற்றுவது என்றால் 14 பிஎஸ்ஐ கூட்டுகிறோம். அது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். ஆகவே ஒரு டயருக்கு வெளிக்காற்றில் சுமார் 65 லிட்டர், நான்குக்கும் சேர்த்து 260 லிட்டர் உள்ளே தள்ள வேண்டும். இனி கம்ப்ரஸரின் பெட்டியைப் பாருங்கள். அதில் நிமிடத்துக்கு 70 லிட்டர் என்று போட்டிருந்தால், அது எதிரழுத்தமே இல்லாமல் வாயைத் திறந்துவிட்டு அளந்த அளவு. 30 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது அதில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ குறைந்துவிடும். நிமிடத்துக்கு 50 லிட்டர் உண்மையாகக் கிடைத்தால், நான்கு டயருக்கும் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஹோஸை மாற்றி மாற்றிப் போடும் நேரத்தையும் சேர்த்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரட்டைச் சிலிண்டர் அந்த ஐந்து நிமிடத்தை இரண்டரை ஆக்கும், அவ்வளவுதான். உங்களுடன் இன்னும் மூன்று நான்கு வண்டிகள் வந்து எல்லோரும் உங்களிடமே காற்றுக்கு நிற்பார்கள் என்றாலொழிய, இரட்டைக்கான செலவும் தடித்த வயரும் உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

பெட்டியில் கவனிக்க வேண்டிய இன்னொரு எண், ஓய்வின்றி எவ்வளவு நேரம் ஓடலாம் என்பது. 100 பிஎஸ்ஐயில் 33 சதவீதம் என்று எழுதியிருந்தால் பத்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் ஆற வேண்டும் என்று பொருள். டயருக்குத் தேவைப்படும் குறைந்த அழுத்தத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடும் என்றாலும், அந்த எண்கள் பெரும்பாலும் மிதமான தட்பவெப்பத்தில் அளந்தவை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

இங்கேதான் பானெட்டா கேபினா என்ற கேள்வி வருகிறது. முதல் கியரில் மெதுவாக மலையேறி நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் 70, 80 டிகிரி சாதாரணம். காற்றை 30 பிஎஸ்ஐக்கு அழுத்தும்போதே சிலிண்டர் தலை 100 டிகிரியைத் தாண்டிவிடும். சுற்றிலும் ஏற்கெனவே 80 டிகிரி இருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்? உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு துண்டித்துக்கொள்ளும், நீங்கள் சாலையோரம் நிற்பீர்கள். டர்போ, எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கத்தை முற்றாகத் தவிர்த்து எதிர்ப்பக்கத்தில் இடம் கிடைத்தால் பானெட்டுக்குள் வைக்கலாம். அப்போதும் காற்று அடிக்கும்போது பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஏபிஎஸ் யூனிட்டைத் தாங்கும் போல்ட்டையோ பேட்டரி தட்டையோ பிராக்கெட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். கம்ப்ரஸர் நான்கைந்து கிலோ எடை. கல் பாதையில் அது தொடர்ந்து குலுங்கும். 4 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் பிராக்கெட் செய்து, இரு வேறு போல்ட் புள்ளிகளிலாவது பிடித்து, குலுங்கினாலும் கழலாத நைலாக் நட் போட்டு முறுக்குவது என் வழக்கம்.

எனக்குப் பிடித்த இடம் முன் சீட்டுக்கு அடியில் அல்லது பின் சீட்டுக்குப் பின்னால். இரைச்சல் இருக்கும், ஆனால் நாம் அப்போது வெளியே டயருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறோம். அங்கே தூசி குறைவு, தண்ணீர் இல்லை, கதவைத் திறந்து வைத்தால் வெளிக்காற்றும் கிடைக்கும். பானெட்டுக்குள் வைப்பவர்கள் காற்று இழுக்கும் ஃபில்டரை மட்டும் ஒரு குழாய் மூலம் உயரமான உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஓடையைக் கடக்கும்போது ஃபில்டர் வழியே தண்ணீர் ஏறினால் பிஸ்டன் ரிங் தேறாது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். மணலில் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் பாலாற்றுக்குள் இறங்க வேண்டாம். வறண்டு கிடந்தாலும் குடிநீர்க் கிணறுகள் அந்த மணலுக்குள்தான் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்குள் போகும் தடங்களுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தே இருக்கும்.


வாணியம்பாடி லாரிப் பட்டறை:

தம்பி, டேங்க் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். லாரிக்காரர்கள் பிரேக் டேங்கிலிருந்து ஹோஸ் போட்டு டயருக்குக் காற்று அடிப்பதைப் பார்த்துவிட்டு, காருக்கும் ஒரு டேங்க் இருந்தால் அப்படியே ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லாரியில் இஞ்சினே கம்ப்ரஸரைச் சுற்றுகிறது, டேங்குகளும் பெரியவை. உங்கள் வண்டியில் வைக்க இடம் கிடைப்பது 4 அல்லது 5 லிட்டர் டேங்குக்குத்தான். 5 லிட்டர் டேங்கை 8 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) வரை நிரப்பி, 2 பார் வரை இறங்கும்படி டயருக்குள் விட்டால் கிடைப்பது 30 லிட்டர் காற்று. மேலே ஒருவர் போட்ட கணக்குப்படி அது அரை டயருக்குக்கூடக் காணாது. ரேடியேட்டரில் படிந்த செம்மண்ணை ஊதவும், ரிம்மிலிருந்து விலகிய டயர் விளிம்பை ஒரே மூச்சில் உட்கார வைக்கவும் டேங்க் பயன்படும். வெறுமனே நான்கு டயருக்குக் காற்று அடிக்க அது வேண்டாம்.

ஆனாலும் வைத்தே தீருவேன் என்றால் மூன்று பொருட்களில் சமரசம் கூடாது. முதலாவது பிரஷர் சுவிட்ச். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் ரிலே காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இரண்டாவது சேஃப்டி வால்வு. பிரஷர் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால், குக்கரின் விசில் மாதிரி அது திறந்துகொள்ள வேண்டும். அதன் அளவு சுவிட்ச் துண்டிக்கும் அளவைவிடச் சற்று மேலாகவும் டேங்க் தாங்கும் அளவுக்குக் கீழாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது, டேங்கின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் வால்வு. காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது இன்னும் அதிகம். வடிக்காமல் விட்டால் டேங்க் உள்ளேயிருந்து துருப்பிடித்து மெலியும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது.

பழைய தீயணைப்பு சிலிண்டர், ஏசி கேஸ் வந்த சிலிண்டர், பிவிசி குழாய் ஆகியவற்றை டேங்காக மாற்றித் தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம். பிவிசி வெடித்தால் கிழிவதில்லை, சில்லு சில்லாகத் தெறிக்கும். காற்று டேங்க் என்றே செய்து அழுத்தச் சோதனை முடித்த டேங்கை மட்டும் வாங்க வேண்டும்.

ஹோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் காற்று கொதிக்கும்; அங்கே நேரடியாக நீல நிற பியூ டியூபை (பாலியூரித்தேன் பிளாஸ்டிக் குழாய்) மாட்டினால் இளகி நழுவிவிடும். முதல் அரை மீட்டராவது எஃகு வலை பின்னிய ஹோஸ் இருக்கட்டும். ஜேசிபி வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து தரும் கடையில் அளவு சொன்னால் செய்து தருவார்கள். அதற்குப் பிறகு எந்த டியூபும் போடலாம். இந்தச் சிறிய கம்ப்ரஸர்கள் எண்ணெய் இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டவை. லாரி கம்ப்ரஸர் பழக்கத்தில் யாராவது அதில் எண்ணெய் விட்டால் ரிங்கில் தூசி ஒட்டி இறுகிவிடும்.


குடியாத்தம் ஜிம்னி:

மாற்றுக் கருத்து ஒன்று. நிரந்தரமாகப் பொருத்தத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பேட்டரி முனைகளில் நேரடியாக கிளிப் மாட்டி ஓட்டும் எடுத்துச் செல்லத்தக்க கம்ப்ரஸர்கள், மேலே சொன்ன ஒற்றைச் சிலிண்டர் வகைக்கு நிகரான காற்றைத் தருகின்றன. வயரிங் இல்லை, பிராக்கெட் இல்லை, வாரன்ட்டிக் கவலை இல்லை. நண்பரின் வண்டிக்கும் தூக்கிக் கொடுக்கலாம், வண்டியை விற்கும்போது கையோடு எடுத்துக்கொள்ளலாம். என் வண்டியின் டயர் 195/80, 15 அங்குலம். ஒவ்வொன்றும் சுமார் 40 லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் எனக்கு அதுவே தாராளம். அதன் குறை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு முறையும் பையைத் திறந்து, பானெட்டைத் திறந்து, கிளிப் மாட்ட வேண்டும். மாதம் ஒருமுறை மலையேறுபவருக்கு அது பெரிய வேலையில்லை. ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தால் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்) பொருத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் நிலையான கம்ப்ரஸரைத் தவிர்க்க முடியாது.


காட்பாடி தார்:

அனைவருக்கும் நன்றி. ஏர் லாக்கர் பற்றி இப்போதைக்கு எண்ணமில்லை. ஆனாலும் மழையில் பானெட்டைத் திறந்து கிளிப் மாட்டுவதை நினைத்தால் நிலையான அமைப்பே எனக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒற்றைச் சிலிண்டர், பின் சீட்டுக்குப் பின்னால், டேங்க் இல்லாமல் என்று முடிவு செய்துள்ளேன். பேட்டரியிலிருந்து அந்த இடத்துக்கு வயர் ஓடும் வழியை அளந்தேன், ஒரு பக்கம் 5 மீட்டர் வருகிறது. இதற்கு 10 சதுர மில்லிமீட்டர் போதுமா? வேலை முடிந்ததும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? வெயிலில் சூடான டயருக்குக் காற்று அடிக்கும்போது எந்த அளவில் நிறுத்துவது?


ராணிப்பேட்டை மின்வேலை:

போக வர 10 மீட்டர் என்றால் 10 சதுர மில்லிமீட்டரில் இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் வரும். 16 போட்டால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டில் நின்றுவிடும். நீங்கள் 16ஐயே போடுங்கள். நெகட்டிவ்வைப் பின்பக்கத்திலேயே நல்ல பாடி எர்த் புள்ளியில், பெயிண்டைச் சுரண்டி இணைத்தால் வயரின் நீளம் பாதியாகும். அப்போது 10 போதும். இஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட்டும் (துளையின் விளிம்பை மூடும் வளையம்), வழி முழுவதும் நெளிவுக் குழாயும் கட்டாயம். தகட்டின் விளிம்பில் உரசி இன்சுலேஷன் தேய்ந்தால் அது நேரடி ஷார்ட்தான். வயர் முனையில் மாட்டும் லக்குகளை இடுக்கியால் நசுக்காமல் உரிய கிரிம்ப் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள்.

சோதிக்கும்போது இஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்து நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் வைத்து, கம்ப்ரஸரைச் சுமையோடு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் கம்ப்ரஸரின் முனைகளில் வோல்டேஜை அளந்து பேட்டரியின் வோல்டேஜோடு ஒப்பிட்டால், மேலே போட்ட கணக்கு பலித்ததா என்று தெரிந்துவிடும். நிறுத்தியவுடன் ஒவ்வொரு லக்கையும், பியூஸ் ஹோல்டரையும், ரிலே காலையும் விரலால் தொட்டுப் பாருங்கள்; ஓரிடம் மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்த இணைப்பு தளர்வு. காற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு மரையிலும் டெஃப்லான் டேப் சுற்றியபின் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று மலைப்பயணங்களுக்குப் பிறகு பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும்.

டயரின் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி கூடினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். மே மாத மதியத்தில், பாறையில் உருண்டு வந்த டயர், காலையில் இருந்ததைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் கேஜ் 3 பிஎஸ்ஐ அதிகமாகக் காட்டும். எனவே கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவைவிட 3 கூட்டி நிறுத்துங்கள். சூடான டயர் அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட வேண்டாம். மலை உயரத்தால் வரும் வேறுபாடு 500 மீட்டருக்கு ஒரு பிஎஸ்ஐயைக்கூட எட்டாது, அதை விட்டுவிடலாம். கம்ப்ரஸரிலேயே வரும் கேஜ், காற்று ஓடும்போது ஹோஸின் எதிர்ப்பையும் சேர்த்துக் காட்டும் என்பதால், நிறுத்தியபின் தனி கேஜால் பாருங்கள். மறுநாள் காலை, வண்டியை வெயில் தொடுவதற்கு முன், நான்கையும் ஸ்டெப்னியையும் அதே கேஜால் அளந்து ஸ்டிக்கர் அளவுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.